சமூகமடத்தின் பின்கதவு

சின்னமடத் தெருவில் நாகலக்ஷ்மியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியும் என்று ஒப்புக்கொள்ள விரும்புகிறவர்கள்தான் குறைவு.

மலையாள ராஜ்யத்தின் தலைநகரில், வலியசாலையை ஒட்டிய அக்கிரகாரத் தெரு அது. தெருக்கோடியில் சமூகமடம். கல்யாணமோ உபநயனமோ, மார்கழியில் ஐயப்பனுக்கு நடத்துகிற சாஸ்தாப்ரீதியோ, எதுவானாலும் அங்கேதான் சமையல், அங்கேதான் பந்தி. சின்ன வயதிலேயே புருஷனை இழந்த நாகலக்ஷ்மி அந்த மடத்து அடுக்களையில் தேங்காய் அரைக்கிறவள். அவளுக்கு ஜோடி மங்கலம். அவளும் அதே நிலைமைக்காரி, ஆனால் வாய் நீளம். பெரிய சமையல் என்றால் விடிவதற்கு முன்பே குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்டு இருவரும் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டுக்கற்கள் அடுக்களையின் உள்மூலையில் கிடந்தன. அவர்களுக்கும் முன்வாசலுக்கும் நடுவே கோட்டையடுப்புகள் வரிசையாக எரியும்.

உள்மூலையில் ஒரு கதவும் இருந்தது. அதைத் திறந்தால் பின்சந்து. வீடுகளின் கக்கூஸ்களைச் சுத்தம் செய்ய நகரசபைத் தொழிலாளர்கள் வாளியோடு நடக்கிற சந்து. ராஜ்யத்தில் கோயில் நடைகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிடப்பட்ட காலத்தில் சமூகத்துப் பெரியவர்களுக்கு ஒரு பயம் பிடித்தது. கூட்டம் போட்டார்கள். சந்தில் நடக்கிறவர்களின் கண் சமையலில் படக்கூடாது என்று தீர்மானம் செய்து, அந்தக் கதவின் குறுக்கே பலகைகளை வைத்து ஆணி அடித்தார்கள். பிறகு அரிசிச் சாக்குகளை அங்கேயே அடுக்கினார்கள். கோயில் திறந்தது, மடத்துப் பின்கதவு மூடியது. இதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாக அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பலர் கூடிச் சாப்பிடுகிற இடங்களுக்கு நகரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி தருவதற்கு முன் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, அடுக்களை எப்படி இருக்கிறது, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருஷா வருஷம் இன்ஸ்பெக்டரும் வந்தார். அவர் அயல் மனிதர்கூட அல்ல, பக்கத்துத் தெரு அக்கிரகாரத்துக்காரர்தான். அடுக்களைப் படி வரை வருவார். படியில் நின்றுகொண்டு, "நான் ஆபீஸ் போயிட்டு வந்த விழுப்பு. உள்ளே வரப்படாது" என்று தாமாகவே சொல்வார். மடத்து செக்ரட்டரி சேஷன், "அதானே, உங்களுக்குத் தெரியாத ஆசாரமா?" என்பார். இன்ஸ்பெக்டர் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். உள்ளே புகைதான் தெரியும். ஒரு தம்ளர் பாயசம் வரும். எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

"வந்தாச்சு நம்ம இன்ஸ்பெக்டர், பாயசத்தைச் சோதனை போட" என்பாள் மங்கலம், கல்லிலிருந்து கையை எடுக்காமலே.

"மெள்ளடீ, காதிலே விழும்" என்பாள் நாகலக்ஷ்மி.

"விழட்டுமே. கண்ணிலேதான் ஒண்ணும் விழலை, காதிலேயாவது விழட்டும்."

குளித்துவிட்டு வந்தால் அவர் உள்ளே போயிருக்கலாம். கிணறு மடத்து முற்றத்திலேயே இருந்தது. ஒரு வாளி தண்ணீர் தலையில் ஊற்றிக்கொள்ள அவருக்கு ஒரு வருஷமும் தோன்றவில்லை என்பதை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

1950 மார்கழியில் சாஸ்தாப்ரீதியன்று நேந்திரங்காய் உப்பேரி வறுக்க வைத்திருந்த உருளியில் தேங்காய் எண்ணெய் காய்ந்து தீப்பிடித்தது. பதறிப்போன ஒருவன் அதில் தண்ணீரைக் கொட்டினான். தீ கூரையைத் தொட்டது. சமையலுக்குத் தலைமை சாம்பசிவன். அவரும் மற்ற ஆண்களும் முன்வாசல் பக்கம் நின்றதால் வெளியே பாய்ந்துவிட்டார்கள். அடுப்புகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள்.

எதிரே நெருப்பு நின்றால் முதுகுப்பக்கம் ஓடுவதுதான் மனித இயல்பு. மங்கலம் பின்கதவுக்கு ஓடினாள். அது ஆணியடித்த கதவு என்று அவளுக்குத் தெரியாதா? வருஷக்கணக்காக அதன் பக்கத்தில் உட்கார்ந்து அரைத்தவள். ஆனாலும் ஓடினாள். சாக்குகளின் மேல் ஏறி நின்று பலகையை இரண்டு கைகளாலும் அடித்தாள். நாகலக்ஷ்மி ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவே தரையோடு தரையாகச் சுருண்டுவிட்டாள். சாம்பசிவன் நனைந்த கோணிகளைப் போர்த்திக்கொண்டு திரும்ப உள்ளே வந்து அவளை இழுத்தெடுத்தார். மங்கலத்தை இழுத்தெடுக்கும்போது அவள் புடவை முழுவதும் எரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் முனகிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

விசாரணைக்கு அதே இன்ஸ்பெக்டர் வந்தார். அதே படியில் நின்றார். "மடிப்புடவையைச் சரியா சொருகிக்கலை. அஜாக்கிரதை" என்று சேஷன் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அடுக்களைக்கு வெள்ளையடித்தார்கள். பின்கதவில் அறைந்த பலகைகளுக்கும் சேர்த்தே அடித்தார்கள். மடத்தின் அனுமதி வழக்கம்போல் புதுப்பிக்கப்பட்டது.

நாகலக்ஷ்மி அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. மங்கலத்தின் காரியங்கள் முடிந்ததும் சேஷன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணா, அந்தப் பின்கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கோ."

"தோட்டிச் சந்துப் பக்கமா? நன்னாச் சொன்னே போ. அடுக்களைக்குள்ளே அந்தக் காத்து வரணும்கிறியா?"

"மங்கலம் அங்கேதான் தட்டினா அண்ணா."

"விதி முடிஞ்சா எங்கே வேணாலும் தட்டலாம்" என்றார் சேஷன். "உனக்கு அங்கே அரைக்கப் பயமா இருந்தா சொல்லு. வேற ஆள் பாத்துக்கறேன்."

அவள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கும் போனாள். அவர் ஊஞ்சலில் இருந்தார்.

"நான் உள்ளே வரதில்லைன்னு உனக்கே தெரியும். கண்ணாலே பாக்காததை எப்படி எழுதறது?"

"பாக்காததைத்தானே இத்தனை வருஷமும் எழுதினேள், எல்லாம் சரின்னு?"

அவர் ஊஞ்சலை நிறுத்தினார். "யார் சொல்லிக் கொடுத்தா உனக்கு இந்தப் பேச்சை?" என்று கேட்டுவிட்டு உள்ளே எழுந்து போனார். நல்ல பதில் இல்லாதவர்களுக்கு உள்ளே போக எப்போதும் ஒரு கதவு இருக்கிறது.

ஒரு நாள் அவள் பின்சந்துக்குள் போனாள். அந்தத் தெருப் பெண் ஒருத்தி அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மடத்துக் கதவை வெளிப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வாளியோடு வந்த பகவதி அவளைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்கென்று வந்து குடியேறிய குடும்பத்தவள் அவள்.

"என்னம்மா, வழி தப்பி வந்துட்டீகளா?"

"இல்லை. இந்தக் கதவைப் பாக்க வந்தேன்."

பகவதி வாளியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அந்தம்மா தட்டுன தட்டு இன்னும் எங் காதுல கேக்கு. நான் இந்தப் பக்கம் நின்னு தோளக் குடுத்து முட்டுனேன். அசையவே இல்ல. ஓடிப்போய் தெருமொனையில நின்னு கத்துனேன், உள்ள ஆளு தட்டுதுன்னு. ஒரு பெரியவரு கைய நீட்டி, அங்கேயே நில்லு, தெருவுக்குள்ள வராதேங்காரு. நான் கத்துனது ஒருத்தர் காதுலயும் ஏறல. நான் எங்க நிக்கேன்னுதான் எல்லாரும் பாத்தாக."

நாகலக்ஷ்மி கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தாள். பழக்கம் அப்படி. குளிக்கும்போது தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்ததாகப் பிற்பாடு பகவதியிடம் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வருஷம் பழைய இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் சுவாமிதாஸ், தெற்கே குழித்துறைப் பக்கத்துக் கிறிஸ்தவர். 1952 தை மாதம் மடத்தில் ஒரு கல்யாணம். அனுமதி புதுப்பிக்கிற நாளும் கூடவே வந்ததால் அவர் காலையில் மடத்துக்கு வந்தார். நாதசுரம் ஒலித்துக்கொண்டிருந்தது. சேஷன் பட்டு வேஷ்டியோடு ஓடி வந்து, அவரை அடுக்களைப் படிக்கு ஒரு முழம் முன்பாகவே நிறுத்தினார்.

"உள்ளே மடி. ஸார் தப்பா நினைக்கப்படாது. இங்கேருந்தே பாத்துக்கலாம். வழக்கம் அதானே."

"எனக்க வழக்கம் அது இல்ல ஸாரே" என்றார் சுவாமிதாஸ். "பின்னால வழி உண்டும்னு பேப்பர்ல எழுதியிருக்கு. அதக் காணாம நான் எப்பிடிக் கையொப்பு வைக்க?"

"இருக்கு, இருக்கு. நான் சொல்றேனே."

"நீங்க சொன்னதுக்கு நீங்க ஒப்பு வையுங்க. நான் கண்டதுக்குத்தான் நான் வைக்க முடியும்."

சேஷன் சிரித்தார். "ஸார் புதுசு. கௌன்சிலர் பந்தலிலேதான் இருக்கார். அவர்கிட்டே ஒரு வார்த்தை பேசிடலாம். பாயசம் சாப்பிடுங்கோ முதல்லே."

சுவாமிதாஸ் பாயசத்தைத் தொடவில்லை. ஆனால் உள்ளேயும் வரவில்லை. ஒரு கல்யாணச் சமையலை ஒரு கிறிஸ்தவர் தீட்டாக்கிவிட்டார் என்று நாளைக்கு ஊர் சொன்னால் அவர் வேலைக்கு யார் காவல்? பார்க்க முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போக அவர் திரும்பினார். மேலே ஓர் ஆபீஸில் கௌன்சிலர் ஒரு வார்த்தை பேசினால், பார்க்க முடியவில்லை என்பது பார்த்தாயிற்று என்று ஆகிவிடும். எல்லாம் உள்மூலையில் இருந்தவளுக்குக் கேட்டது.

நாகலக்ஷ்மி கல்லை விட்டு எழுந்தாள். கையெல்லாம் தேங்காய். அடுப்புகளைச் சுற்றிக்கொண்டு படிக்கு வந்தாள்.

"ஸார், உள்ளே வாங்கோ."

நாதசுரம்தான் நிற்கவில்லை. மற்றதெல்லாம் நின்றது.

"ஏய் நாகு!" என்று கத்தினார் சாம்பசிவன், கரண்டியோடு. "பைத்தியமா உனக்கு? இத்தனை சமையலும் குழியிலேயா போகணும்?"

"அம்மா, ஒங்களுக்குத் தொல்லையாவும்" என்றார் சுவாமிதாஸ் மெதுவாக.

"ஆகட்டும். தொல்லையோட இருக்கேன், உசிரோட இருப்பேனோல்லியோ? நீங்க வந்து கண்ணாலே பாத்துட்டுப் போங்கோ."

அவர் செருப்பைக் கழற்றினார். அவள் முன்னே நடக்க, குனிந்த தலையோடு பின்னால் நடந்தார். அரிசிச் சாக்குகளை அவள் காட்டினாள். சாக்குகளுக்குப் பின்னால் வெள்ளையடித்த பலகைகள். அவர் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். மறுபடியும் தோளை வைத்துத் தள்ளினார்.

"இதாக்கும் வழியா?" என்று கேட்டார். சேஷன் படியை விட்டு நகரவில்லை.

சுவாமிதாஸ் வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்தக் கதவு தொறக்காம இங்க இனி ஒரு அடுப்புல தீ கத்தக் கூடாது. இப்ப கத்துகதையும் அணைக்கணும். கௌன்சிலர் இருந்தா அவரும் வந்து காணட்டும்."

கௌன்சிலர் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, பந்தலின் மறுபக்கமாகப் போய்விட்டார். பெண்ணைப் பெற்றவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். முகூர்த்தம் ஆகிவிட்டது, ஜனம் பசியோடு இருக்கிறது, அடுக்களையோ தீட்டு.

அப்போது நடந்ததைத்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவனுக்கே பொறுமை கெடுகிற இடம் இது.

சாம்பசிவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாத்தியாரைக் கூப்பிடுங்கோ, புண்யாகம் பண்ணிடலாம்" என்றார். வாத்தியார் மணையிலிருந்து அப்படியே எழுந்து வந்தார். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு மாவிலை, சில மந்திரங்கள். அடுப்புக்கும் உருளிகளுக்கும் தெளித்தார். "சுத்தம்" என்றார். இதற்குள் யாரோ ஆசாரியைப் பிடித்து வந்திருந்தார்கள். அவர் கடப்பாரையை நுழைத்து நெம்பினார். பலகைகள் கிறீச்சிட்டு விழுந்தன. சாக்குகள் இடம் மாறின. கதவு திறந்தது. பின்சந்தின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சம் பட்டு சாம்பார் கெடவில்லை. பந்தி வழக்கத்துக்குக் கொஞ்சம் தாமதமாக நடந்தது. கௌன்சிலரும் சாப்பிட்டார்.

அவ்வளவுதான் வேலை. ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு கடப்பாரை. மங்கலம் உயிரோடு இருந்தபோது இந்த இரண்டும் அந்தத் தெருவில் இல்லாமலா இருந்தன? தீட்டு என்று சொல்லி ஓர் அதிகாரியை வாசலில் நிறுத்திவைத்தவர்களுக்கு அந்தத் தீட்டு எத்தனை லேசாகப் போகும் என்பது முதலிலிருந்தே தெரியும். நிற்கச் சம்மதித்த அதிகாரிக்கும் தெரியும். தெரிந்தும் நின்றார். தெரிந்தும் நிறுத்தினார்கள். அஜாக்கிரதை என்ற சொல்லை மட்டும் செத்தவள் தலையில் வைத்துவிட்டார்கள்.

சமூகக் கூட்டம் கூடியது. கதவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நாகலக்ஷ்மி இனிமேல் மடத்து அடுக்களைக்குள் வரக்கூடாது என்று முடிவாயிற்று. அவள் வீட்டிலேயே அப்பளாம் இட்டு விற்றுப் பிழைத்தாள். வாங்க மாட்டோம் என்று சொன்ன வீடுகள் வேலைக்காரியை அனுப்பி வாங்கின.

அடுத்த வருஷம் சுவாமிதாஸைப் பொன்முடிப் பக்கம் மாற்றினார்கள். புதிய இன்ஸ்பெக்டர் வந்தார். படியில் நின்றார். பாயசம் குடித்தார். அந்த வாரமே பகவதி நாகலக்ஷ்மி அப்பளாம் இடுகிற திண்ணைக்கு எதிரே வந்து, வராதே என்று தடுத்த தெருவிலேயே நின்றபடி சொன்னாள்: "அம்மா, மடத்துக் கதவுல உள்ளுக்குள்ள தாப்பாளும் பூட்டும் போட்டிருக்காக. சத்தம் கேட்டுது."

மறுநாள் மடத்தில் ஓர் உபநயனம். அடுப்பு மூட்டுகிற நேரத்துக்கு நாகலக்ஷ்மி பின்சந்துக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நான்தான், நாகு. திறங்கோ."

"உன்னை வரப்படாதுன்னு சொல்லியாச்சே!" என்றார் உள்ளேயிருந்து சாம்பசிவன்.

"நான் உள்ளே வரலை. கதவு திறக்கறதான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

"போடீ, வேலையப் பாரு."

அவள் ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டாள். கதவில் அடித்தாள். முற்றத்தில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. மந்திரத்துக்கு நடுவே கதவு அதிர்ந்தது. பகவதி சற்றுத் தள்ளி நின்று, "நானும் வாளியத் தட்டட்டாம்மா?" என்று கேட்டாள்.

"தட்டு."

சுப காரியத்தில் இப்படி ஓர் ஓசையை அந்தத் தெரு கேட்டதில்லை. பூணூல் போடுகிற பையனின் அப்பா பயந்துபோய், "திறந்து தொலைங்கோளேன்" என்று அலறினார். பூட்டுச் சாவி சேஷன் இடுப்பிலிருந்து வந்தது. கதவு திறந்தது.

"பாத்தாச்சா?" என்றார் சாம்பசிவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"பாத்தாச்சு. பூட்டை வெளியிலே எறிங்கோ."

அன்று முதல் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மடத்தில் அடுப்பு மூட்டுகிற ஒவ்வொரு நாளும் அவள் சந்தில் போய் நிற்பாள். முதலில் திட்டிக்கொண்டு திறந்தார்கள். பிறகு திட்டாமல் திறந்தார்கள். நகரசபை சம்பளம் கொடுத்து ஒருவரிடம் ஒப்படைத்த வேலையை, தெருவை விட்டு ஒதுக்கப்பட்ட ஒருத்தி கையில் கல்லோடு செய்துகொண்டிருந்தாள். திரு-கொச்சி ராஜ்யம் போய் கேரளம் வந்தது, ஆபீஸ்களில் போர்டுகள் மாறின. படியில் நிற்கிற இன்ஸ்பெக்டர் மட்டும் அப்படியே நின்றார்.

1956 கார்த்திகையில் சேஷனின் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். நாகலக்ஷ்மி தட்டியபோது கதவருகே சேஷனே வந்தார்.

"நாகு, இன்னிக்கு என் ஆத்துக் கல்யாணம்டி. இன்னிக்கு ஒரு நாள் விடேன்."

"உங்காத்துக் கல்யாணத்துக்குத் தேங்கா அரைக்கறவா உள்ளே உட்காந்திருக்காளோல்லியோ? திறங்கோ."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆட்டுக்கற்களில் இரண்டு புதுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் இள வயது. அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள்.

"எழுந்து வாங்கோ ரெண்டு பேரும்" என்றாள் நாகலக்ஷ்மி. "இந்தப் படியைத் தாண்டி வெளியிலே வந்து நில்லுங்கோ."

அவர்கள் சேஷனைப் பார்த்தார்கள். சந்தைப் பார்த்தார்கள். பகவதி வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மடி கெட்டுடுமே மாமி" என்றாள் ஒருத்தி.

"கெடும். மறுபடியும் குளிச்சுட்டு உட்காருங்கோ, கிணறு முற்றத்திலேதான் இருக்கு. ஆனா ஓட வேண்டிய நாள்லே, போலாமா வேண்டாமான்னு இந்தப் படியிலே நின்னு யோசிக்கப்படாது. கால் பழகட்டும். வாங்கோ."

ஒருத்தி புடவையை முழங்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தாள். மற்றவள் அவள் தோளைப் பிடித்தாள். சந்துக்குள் வந்து இருவரும் நின்றபோது, பகவதி அவர்களுக்கு இடம் விட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"ஒதுங்காதே பகவதி" என்றாள் நாகலக்ஷ்மி. "இங்கேயே நில்லு. இவா உன்னையும் பாத்து வெச்சுக்கட்டும்."